வீட்டுக் கதவில் ஒட்டிய நோட்டீஸ்: கையெழுத்துப் போடும் அரசுக்குக் கடமையும் உண்டு



முத்தியால்பேட்டையோ, முதலியார்பேட்டையோ, லாஸ்பேட்டையோ, அரியாங்குப்பமோ, உங்க தெருவுல ஏதாவது ஒரு வீட்டுக் கதவுல வங்கி ஒட்டிட்டுப் போன நோட்டீஸைப் பார்த்திருப்பீங்க. இந்தச் சொத்து வங்கியின் சுவாதீனத்தில் இருக்கிறது, யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது என்று எழுதியிருக்கும். சில நாள்ல அதே அறிவிப்பு பேப்பர்லயும் வந்துடும். கடன் வாங்கினவர் பெயர், வீட்டு விலாசம், நான்கு எல்லை, பாக்கித் தொகை, எல்லாம் இருக்கும். ஊரே படிக்கும். அந்தக் குடும்பம் மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருக்கும்.

'அவங்க வாங்கின கடன், அவங்க பாடு'ன்னு கடந்து போறது சுலபம். ஆனால் ஒரு குடும்பத்தை வீட்டை விட்டு வெளியேற்ற வங்கிக்குக் கடைசியில் தேவைப்படுவது கலெக்டரின் உத்தரவும் போலீஸ் பாதுகாப்பும். அதனால் இது வங்கிக்கும் கடன்காரருக்கும் நடுவில் மட்டும் முடிகிற விஷயம் இல்லை. வெளியேற்றக் கையெழுத்துப் போடுகிற அரசுக்கு, அதுக்கு முன்னாடி அந்தக் குடும்பத்துக்குச் செய்ய வேண்டிய கடமையும் இருக்கு. புதுச்சேரி அரசு அந்தக் கடமையைச் செய்யணும் என்பதுதான் நம்ம கோரிக்கை.

பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆனா முழுசா படிங்க. உங்களுக்கு இல்லைன்னாலும், உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு இது உதவும்.

சட்டம் எப்படி வேலை செய்யுது?

2002-ல் வந்த சர்ஃபாசி சட்டம், கோர்ட்டுக்குப் போகாமலேயே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. வங்கிகளுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும் அந்த அதிகாரம் உண்டு. கூட்டுறவு வங்கிகளும் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தலாம்னு 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

தவணை கட்டாமல் 90 நாள் தாண்டினால் கணக்கு 'வாராக்கடன்' ஆகிவிடும். அப்புறம் 13(2) நோட்டீஸ் வரும். முழுப் பாக்கியையும் 60 நாளுக்குள் கட்டு என்பார்கள். மூணு தவணையைக் கட்ட முடியாமல் நின்னவர், மொத்தக் கடனையும் ரெண்டே மாசத்துல கட்டணும். கட்டாவிட்டால் 13(4)-ன் கீழ் சுவாதீன நோட்டீஸ். அதுதான் கதவில் ஒட்டுவது. அப்போது வீடு காகிதத்தில்தான் வங்கி கைக்குப் போயிருக்கும், குடும்பம் உள்ளேயே இருக்கும். ஆளை வெளியேற்றி, பூட்டுப் போட்டு, நிஜமாகவே எடுக்க வேண்டுமானால் 14-வது பிரிவின்படி மாவட்ட கலெக்டரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ வங்கி மனு போடணும். பிறகு ஏல அறிவிப்பு, ஏலம்.

இதில் எங்கே குடும்பம் தன் பக்கத்தைச் சொல்ல முடியும்?

முதல் வாய்ப்பு, 60 நாள் நோட்டீஸுக்கு எழுத்தில் ஆட்சேபணை கொடுப்பது. கொடுத்தால் 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாகணும். நம்ம ஜனங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நோட்டீஸ் இங்கிலீஷில், சட்டப் பிரிவு எண்களோடு வருது. படிச்சுப் புரிஞ்சுக்கிறதுக்குள்ள பாதி நாள் ஓடிடும். மீதி நாள் சொந்தக்காரங்ககிட்ட கைமாத்து கேட்டே போயிடும்.

ரெண்டாவது வாய்ப்பு, வங்கி நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போவது. அந்தத் தீர்ப்பாயம் புதுச்சேரியில் இல்லை. நம்ம ஆளுங்க சென்னைக்குத்தான் போகணும். சாதாரண சிவில் கோர்ட்டுக்கு இந்த விஷயத்தில் கை வைக்க அதிகாரம் கிடையாதுன்னு சட்டத்தின் 34-வது பிரிவு சொல்லுது. அதாவது, தவணை கட்டவே காசில்லாத மனுஷன், கிழக்குக் கடற்கரைச் சாலையில 150 கிலோமீட்டர் பஸ் ஏறிப் போய், அங்கே வக்கீல் வெச்சு, வாய்தாவுக்கு வாய்தா அலையணும். தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி நஷ்டம்.

மூணாவது வாய்ப்பு, முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்பது. முன்பெல்லாம் விற்பனை முடிந்து சொத்து கைமாறும் வரை இதற்கு இடம் இருந்தது. 2016-ல் சட்டத்தைத் திருத்தி, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் என்று சுருக்கிவிட்டார்கள். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏல விளம்பரத்தைப் பார்த்துப் பதறி, நகையை வித்து, ஊர்ல இருக்கிற காணியை வித்துப் பணத்தோட ஓடி வர்றவருக்கு, 'நேரம் முடிஞ்சுபோச்சு'ன்னு சொல்ல இந்தத் திருத்தம் வழி பண்ணிடுச்சு.

யார் இந்தக் குழியில விழறாங்க?

'கடன் வாங்கி ஊதாரித்தனம் பண்றவங்க'ன்னு ஒரு பேச்சு இருக்கு. நம்ம ஊரையே எடுத்துக்குங்க.

புதுச்சேரி நகரத்தின் உழைக்கிற ஜனங்களின் வீடுகள் பலவும் மில் சம்பளத்தில் எழுந்தவை. 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 மில் தொழிலாளிகள் உயிரைக் கொடுத்த ஊர் இது. எட்டு மணி நேர வேலையைப் போராடி வாங்கிய ஊர். அந்த ஊரில், கடலூர் சாலை ஏ.எஃப்.டி. மில் 2011 டிசம்பர் 30-ல் அடித்த தானே புயலோடு முடங்கியது. அதற்கப்புறம் தலைதூக்கவே இல்லை. 2020 ஏப்ரல் 30-ஓடு அதை அதிகாரப்பூர்வமாக மூடிவிட்டார்கள். சுதேசி, பாரதி மில்களுக்கும் அதே கதிதான். பாப்ஸ்கோ, பாசிக் போன்ற அரசு நிறுவனங்களின் ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் தெருவில் உட்கார்ந்து போராடியதை நாம எல்லோரும் பார்த்தோம்.

இப்போ சொல்லுங்க. அரசு நிறுவனத்தில் வேலை என்ற ஒரே நம்பிக்கையில் வங்கி கடன் கொடுத்தது, இவரும் வாங்கினார். அந்த அரசே சம்பளம் போடலைன்னா தவணை எப்படிக் கட்டுவார்? சம்பளம் தராத அரசின் அதிகாரிதான், தவணை கட்டவில்லை என்று வீட்டைக் காலி செய்யவும் உத்தரவு போடணும். இது என்ன நியாயம்?

வேலை போகாதவர்களையும் வட்டி விடவில்லை. 2022 மே மாதத் தொடக்கத்தில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம். ஒரு வருஷத்துக்குள் 2.5 சதவீதம் ஏற்றம். ஒரு சின்ன கணக்கு பாருங்க. ரெண்டு குழி மனையில் ஒரு தளம் போட 25 லட்சம் கடன், 20 வருஷம், 7 சதவீத வட்டி. மாதத் தவணை சுமார் 19,380 ரூபாய். வட்டி 9.5 ஆனால் அதே கடனுக்குத் தவணை சுமார் 23,300 ரூபாய். மாசம் கிட்டத்தட்ட 4,000 ரூபாய் கூடுதல்.

தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிக்கிறோம் என்று பல இடங்களில் செய்தார்கள். அது இன்னும் மோசம். 25 லட்சத்துக்கு 9.5 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டியே சுமார் 19,790 ரூபாய். கட்டுகிற தவணையோ 19,380. மாசம் தவறாமல் கட்டினாலும் கடன் குறையாது, ஏறும்! கடன் வாங்கின புதுசுல இருந்தவங்க இந்தச் சுழலில்தான் மாட்டினார்கள். 2023 ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கியே சுற்றறிக்கை போட்டு, வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டிப்பதா என்று கடன்காரரைக் கேட்கணும், கட்டக் கட்டக் கடன் ஏறுகிற நிலை வரக்கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது.

கொரோனா காலத்தை மறந்துட வேண்டாம். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளி வைத்தார்கள். வட்டி தள்ளி நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது.

பெரிய கடனுக்கு ஒரு நீதி, சின்ன வீட்டுக்கு ஒரு நீதி

2016-ல் திவால் சட்டம் வந்தது. கடனில் மூழ்கிய கம்பெனிகளுக்கு அதில் அழகான வழி இருக்கு. தீர்ப்பாயம் மனுவை ஏற்றவுடனே கடன் கொடுத்தவர்களின் நடவடிக்கைகள் எல்லாம் நிற்கும். சர்ஃபாசி நடவடிக்கை உட்பட. உட்கார்ந்து பேசி, பாக்கியில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, கம்பெனியை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். ஆலோக் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஜவுளி நிறுவனம் தர வேண்டியிருந்தது சுமார் 30 ஆயிரம் கோடி. 2019-ல் சுமார் 5 ஆயிரம் கோடிக்குத் தீர்வு முடிந்தது. மீதி 25 ஆயிரம் கோடியை வங்கிகள் விட்டுக்கொடுத்தன. நஷ்டமான தொழிலுக்கு அப்படி ஒரு வழி இருக்கட்டும், நாம வேண்டாம்னு சொல்லலை.

அதே சட்டத்தில் தனிமனிதர்களுக்கும் ஒரு பகுதி எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் பகுதி. கடனில் முழுகிய சாதாரண மனுஷன் மனு போட்டு, அவகாசம் வாங்கி, திருப்பிக் கட்டும் திட்டம் ஒன்றைப் பேசி முடிக்கலாம் என்று அதில் இருக்கு. ஆனால் அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 2019 டிசம்பரில் அதில் ஒரு துண்டை மட்டும் அமலாக்கினார்கள். யாருக்கு? கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு. வீட்டுக்கடன் வாங்கிய ஆசிரியைக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும், மில் தொழிலாளிக்கும் அது வெறும் காகிதம்.

2018 மார்ச்சில் நாட்டின் வங்கிகளில் வாராக்கடன் மொத்தக் கடனில் 11 சதவீதத்தைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு பெரிய கம்பெனிகளின் கடன். வங்கிகளை மூழ்கடித்தது முதலியார்பேட்டை ஓட்டு வீடு இல்லீங்க.

'கடன் வாங்கினா கட்ட வேண்டாமா?'

கட்டணும். இதில் நமக்கு ரெண்டு பேச்சு கிடையாது. வங்கியில் இருப்பது பொதுஜனங்கள் போட்ட டெபாசிட் பணம். கஷ்டத்திலும் ஒழுங்காகத் தவணை கட்டுகிறவர்கள்தான் நம்மில் அதிகம் பேர், அவர்களை ஏமாளிகளாக்கக் கூடாது. பணம் இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறவருக்காக நாம் பேச வரவில்லை. ரெண்டு வீடு, மூணு மனை வைத்திருப்பவருக்காகவும் பேசவில்லை.

நாம் கேட்பது, குடியிருக்கும் ஒரே வீட்டைப் பற்றி. சம்பளம் நின்றதாலோ, வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையானதாலோ, சம்பாதித்தவர் செத்துப் போனதாலோ கட்ட முடியாமல் போன குடும்பத்தைப் பற்றி. அவர்களுக்குக் கடன் தள்ளுபடி கேட்கவில்லை. ஏலத்துக்கு முன்னால் உட்கார வைத்துப் பேசு, காலத்தை நீட்டு, அபராதத்தைக் குறை, கட்ட வழி செய் என்கிறோம். அவசர ஏலத்தில் வீடு மலிவாகப் போனால் வங்கிக்கும் முழுப் பணம் வராது, குடும்பத்துக்கும் கூரை இருக்காது. லாபம் வாங்குகிறவருக்குத்தான்.

மாஹேவைச் சுற்றிப் பாருங்க, பிரான்ஸைப் பாருங்க

புதுச்சேரியின் ஒரு துண்டான மாஹேவைச் சுற்றி இருப்பது கேரளா. 2022 ஏப்ரலில் அங்கே மூவாற்றுப்புழையில் ஒரு சம்பவம். அப்பா ஆஸ்பத்திரியில். வீட்டில் பிள்ளைகள் மட்டும். அந்த வீட்டை ஜப்தி செய்து பூட்டிவிட்டார்கள். தொகுதி எம்.எல்.ஏ. வந்து பூட்டை உடைத்துப் பிள்ளைகளை உள்ளே விட்டார். மாநிலமே கொதித்தது. இப்படிப்பட்ட ஜப்திகளுக்கு எதிரான குரல் அங்கே வலுத்துக்கொண்டே போனது. 2025 அக்டோபரில் கேரள சட்டமன்றம் 'ஒரே குடியிருப்பிடப் பாதுகாப்பு' மசோதாவை நிறைவேற்றியது. வருட வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பம், அசல் 5 லட்சத்துக்குள், வட்டியோடு சேர்த்து 10 லட்சத்துக்குள் இருக்கும் கடன், வேண்டுமென்றே கட்டாமல் விடாதவர், வேறு வீடு இல்லாதவர் என்று வரம்புகள் வைத்திருக்கிறார்கள். நிஜமாகவே கட்ட வழியில்லையா என்பதைக் குழு ஆராயும். கூரையை அப்படியே பிடுங்கக் கூடாது என்பதுதான் அடிப்படை.

அடுத்தது பிரான்ஸ். நம்ம ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. அவர்களைக் கேட்டால் தெரியும். அங்கே நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, குளிர்காலத்தில், பொதுவாக யாரையும் வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது. 1954 குளிரில் வீடில்லாதவர்கள் செத்ததைப் பார்த்து ஆபே பியேர் என்ற பாதிரியார் எழுப்பிய குரலுக்குப் பிறகு, 1956-ல் வந்த சட்டம் அது. 1989 டிசம்பரில் இன்னொரு சட்டம் போட்டார்கள். கடனில் மூழ்கிய குடும்பங்களுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு ஆணையம். நிர்வாகம் பார்ப்பது அந்த நாட்டின் மத்திய வங்கி. மனுவுக்குக் கட்டணம் இல்லை. மனுவை ஏற்றால் ஜப்தி நடவடிக்கைகள் பொதுவாக நிறுத்தி வைக்கப்படும். திருப்பிக் கட்டும் திட்டத்துக்கு 7 வருஷம் வரம்பு. ஆனால் குடியிருக்கும் வீட்டை விற்காமல் காப்பாற்றுவதற்கென்றால் அந்த வரம்பையும் தாண்டலாம்.

வெள்ளைக்காரன் கட்டின வீதிகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சு டூரிஸ்ட்டுக்குக் காட்டுறோம். அவன் நாட்டில் ஏழைக் குடும்பத்தின் வீட்டைக் காக்கிற சட்டத்தை மட்டும் ஏன் பார்க்க மாட்டேங்கிறோம்?

புதுச்சேரி அரசு என்ன செய்யணும்?

'வங்கி மத்திய அரசு விஷயம், நாங்க யூனியன் பிரதேசம், எங்க கையில் என்ன இருக்கு?' என்று கையை விரிப்பார்கள். சர்ஃபாசி சட்டத்தைத் திருத்த நம்ம சட்டமன்றத்தால் முடியாது, உண்மைதான். ஆனால் கையில் இருப்பது நிறைய. அஞ்சு விஷயம் கேட்கிறோம்.

ஒன்று. கலெக்டர் மேசை. 14-வது பிரிவில் மனு போடும் வங்கி, ஒன்பது விஷயங்களை உறுதி சொல்லும் பிரமாணப் பத்திரம் தரணும். கடன்காரர் ஆட்சேபணை கொடுத்திருந்தால் அதைப் பரிசீலித்து, ஏற்காததற்குக் காரணம் சொல்லிவிட்டோம் என்பதும் அதில் ஒன்று. அந்த விவரங்களில் திருப்தி அடைந்த பிறகுதான் கலெக்டர் உத்தரவு போடலாம். கடன் தகராறை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல கலெக்டருக்கு அதிகாரம் இல்லை, உத்தரவுக்கு 30 நாள், காரணத்தோடு 60 நாள் என்று கெடுவும் இருக்கு. அது தெரிந்துதான் கேட்கிறோம். பிரமாணப் பத்திரத்தை வரி வரியாகச் சரிபாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தாதீர்கள். மனு வந்தவுடனே அந்தக் குடும்பத்துக்குத் தமிழில் தகவல் அனுப்புங்கள். சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

ரெண்டு. மழைக்காலத்தில் வெளியேற்றாதே. பிரான்ஸுக்குக் குளிர், நமக்கு அடைமழை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்ததே, எத்தனை தெருவில் படகு விட்டார்கள்! அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அப்புறம் பொதுத் தேர்வு முடியும் வரை, குடியிருக்கும் ஒரே வீட்டைக் காலி செய்யப் போலீஸ் அனுப்பும் தேதியைத் தள்ளி வைக்கணும். உத்தரவைக் கெடுவுக்குள் போடட்டும். செயல்படுத்தும் நாளை மனிதாபிமானத்தோடு குறிக்கட்டும்.

மூணு. நம்ம சொசைட்டிகள், நம்ம கார்ப்பரேஷன்கள். 1972-ம் வருஷத்துப் புதுச்சேரி கூட்டுறவுச் சங்கச் சட்டம் நம்ம சட்டம். கூட்டுறவு நிறுவனங்களும் அரசுக் கழகங்களும் கொடுத்த சின்ன வீட்டுக்கடன்களுக்குக் கேரளா மாதிரி வரம்பு வைத்து, ஒரே வீட்டுப் பாதுகாப்பை இங்கேயும் கொண்டு வரணும். சட்டம் போடத் தாமதமானால், முதலில் அரசாணை போடலாம்.

நாலு. வங்கியாளர் குழு. புதுச்சேரி அளவில் வங்கிகளை ஒருங்கிணைக்கும் குழு இருக்கு. இந்தியன் வங்கிதான் ஒருங்கிணைப்பாளர். அரசும் அந்தக் கூட்டத்தில் உட்காருது. ஏலத்துக்கு முன் கட்டாயம் ஒருமுறை தமிழில் நேரடிப் பேச்சு, ஒருமுறைத் தீர்வுக்கான நிபந்தனைகள் கிளைப் பலகையில், எத்தனை வீடுகள் ஏலத்துக்கு வந்திருக்கு என்ற கணக்கு ஒவ்வொரு காலாண்டும் பொதுமக்கள் பார்வைக்கு. இதை அந்த மேசையில் வைத்துக் கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. இப்போ எத்தனை குடும்பம் பாதிக்கப்பட்டிருக்குன்னு பேசணும்னா கையில் கணக்கு வேணும். அந்தக் கணக்கையே வெளியிட வைக்கிறதுதான் முதல் வேலை.

அஞ்சு. தீர்ப்பாயம் இங்கே வரட்டும். கடன் மீட்புத் தீர்ப்பாயம் மாதத்தில் சில நாளாவது புதுச்சேரியில் உட்கார வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு மத்திய நிதி அமைச்சகத்துக்கு அனுப்பணும். அதே தீர்மானத்தில் திவால் சட்டத்தின் மூன்றாம் பகுதியைத் தனிமனிதர்களுக்கும் அமலாக்கக் கேட்கணும்.

இதோடு சேர்த்து, எல்லாத்துக்கும் மேல ஒண்ணு: அரசு தன் நிறுவன ஊழியர்களுக்கு வைத்திருக்கும் சம்பளப் பாக்கியை முதல்ல கொடுக்கட்டும். அது வரும் வரை, அந்த ஊழியர்களின் வீட்டுக்கடனுக்கு அவகாசம் கேட்டு வங்கிகளுக்கு அரசே கடிதம் எழுதட்டும்.

நோட்டீஸ் வந்தா என்ன செய்யணும்?

அரசு செய்யும்போது செய்யட்டும். அதுவரைக்கும் நம்ம ஜனங்க ஏமாந்துடக் கூடாது. இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க.

நோட்டீஸை வாங்காமத் திருப்பி அனுப்பாதீங்க. வாங்கலைன்னாலும் கதவுல ஒட்டிட்டு, பேப்பர்ல போட்டுட்டு, கொடுத்த கணக்குல எடுத்துக்குவாங்க. நஷ்டம் உங்களுக்குத்தான்.

நோட்டீஸ் தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க. 60 நாளுக்குள்ள ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, நகல்ல சீல் வாங்குங்க. வேலை போனது, நோய், சம்பளப் பாக்கி, எதுவானாலும் ஆதாரத்தோட எழுதுங்க. எவ்வளவு கட்ட முடியும், எப்போ முடியும்னும் சேர்த்து எழுதுங்க.

கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்குங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி தாமதத்துக்கு அபராதக் கட்டணம் போடலாம், ஆனா அதை அசலோட சேர்த்து அதுக்கும் வட்டி போடக் கூடாது. 2025-ல் ரெப்போ வட்டி படிப்படியா குறைஞ்சுது. அந்தக் குறைப்பு உங்க கணக்குக்கு வந்துதான்னும் பாருங்க.

அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில 20 சதவீதத்துக்கும் குறைவாத்தான் பாக்கின்னா சர்ஃபாசி நடவடிக்கை எடுக்க முடியாது. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத பாக்கிக்கும் முடியாது. விவசாய நிலத்தையும் இந்தச் சட்டத்துல எடுக்க முடியாது.

வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்குப் பின்னாடியும் போன் பண்ணக் கூடாது. மிரட்டினா பதிவு பண்ணி வைங்க.

சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பெண்களுக்கும், பட்டியலின, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உரிமை உண்டு. கடன் தகராறை லோக் அதாலத்துக்குக் கொண்டு போய்ப் பேசி முடிக்கவும் வழி இருக்கு. அதுக்குக் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது.

எல்லாம் கைமீறி வீடு ஏலம் போயிட்டாலும், பாக்கியும் செலவும் போக மிச்சம் இருந்தா அது உங்க பணம். வங்கி திருப்பிக் கொடுக்கணும். கேட்டு வாங்குங்க.

கடைசியா, ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. அவமானம்னு நினைச்சு யார்கிட்டயும் சொல்லாம உள்ளேயே புழுங்காதீங்க. கந்துவட்டிக்கு வாங்கி வங்கிக்குக் கட்டி, ரெண்டு பக்கமும் மாட்டிக்காதீங்க. கடன் குற்றம் இல்லை. ஒரு உயிரைவிட எந்த வீடும் பெருசில்லை.

தோழர்களுக்கு ஒரு வேலை

ஒவ்வொரு வார்டுலயும் நம்ம நிர்வாகிகள் இந்த வாரமே ஒரு காரியம் பண்ணுங்க. உங்க பகுதியில நோட்டீஸ் வந்த வீடுகள் எத்தனை, எந்தக் கட்டத்துல இருக்கு, ஆட்சேபணை கொடுத்தாங்களா, இதைக் குடும்பத்தோட சம்மதத்தோட மட்டும் கேட்டு எழுதுங்க. பெயரையோ போட்டோவையோ எந்தக் காரணத்துக்காகவும் வலைத்தளத்துல போடாதீங்க. ஏற்கெனவே பேப்பர்ல பெயர் வந்து நொந்து போனவங்க அவங்க. கெடு முடியாம இருக்கிறவங்களைக் கையோட சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. எண்ணிக்கையை மட்டும் தலைமைக்கு அனுப்புங்க. மேலே சொன்ன அஞ்சு கோரிக்கையையும் அந்த எண்ணிக்கையையும் சேர்த்து மனுவாக் கொடுப்போம்.

உங்க தொகுதி எம்.எல்.ஏ. எந்தக் கட்சியா இருந்தாலும் பரவாயில்லை, போய்க் கேளுங்க: 'குடியிருக்கிற ஒரே வீட்டைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு நீங்க ஆதரவா, இல்லையா?' பதிலை எழுத்துல கேளுங்க. ஓட்டுக் கேட்டு வர்றப்போ ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டத் தெரிஞ்சவங்களுக்கு, அந்தக் கதவுல நோட்டீஸ் ஒட்டும்போது வந்து நிக்கவும் தெரியணும்.

படிச்சதோட விடாதீங்க. வாட்ஸ்அப் குழுக்கள்ல பகிருங்க. யாரோ ஒருத்தருக்கு இன்னைக்கு 60 நாள்ல நாற்பதாவது நாளா இருக்கலாம். அவருக்கு இன்னும் இருபது நாள் இருக்கு.

#ஒரே_வீட்டைக்_காப்போம்
#மழைக்காலத்தில்_வெளியேற்றாதே
#புதுச்சேரி